உமிக்கரி, பதனி, ஒரு டப்பா எனாமல்

வாசகர் கேள்விகள் – பல் டாக்டரம்மா பதில்கள்

போன இதழில் ஒரு பதிலின் கடைசியில், "எனாமல் போனால் போனதுதான், திரும்ப வளராது" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அம்பாசமுத்திரம் மார்க்கெட்டில் சீனியவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்கார அண்ணாச்சியே தராசைக் கீழே வைத்துவிட்டு, "நகம் வளருது, முடி வளருது, பல்லு மேல உள்ளது மட்டும் ஏன் டாக்டரம்மா வளராது?" என்று கேட்டார். அரைக்கிலோ காய் நிறுத்து முடிப்பதற்குள் சொல்லி முடிக்கிற சமாச்சாரமா அது? ஆகவே இந்த இதழ் முழுக்க எனாமல்தான், பல்லின் மேல் இருக்கிற அந்தக் கெட்டி ஓடு.

'பற்சிப்பி' என்று தமிழில் எழுதும்படி ஒரு தமிழாசிரியர் கார்டு போட்டிருக்கிறார். நல்ல சொல். ஆனால் முப்பது வருஷமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன், ஒருவர்கூட "பற்சிப்பி தேஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டு வந்ததில்லை. ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

வாசகி, வீரவநல்லூர்: உடம்பிலேயே கடினமானது எனாமல் என்று என் மகன் புத்தகத்தில் படிக்கிறான். போன வாரம் வறுத்த புளியங்கொட்டையைக் கடித்ததில் எனக்குக் கடவாய்ப்பல் ஓரம் தெறித்துவிட்டது. அப்படியானால் புளியங்கொட்டை எனாமலைவிடவும் கடினமா?

முதலில் என் அனுதாபம். ஆறாம் வகுப்பு லீவில் எனக்கும் இதே புளியங்கொட்டைதான், இதே கடவாய்ப்பல்தான். வீட்டில் சொன்னால் அடி விழும் என்று இரண்டு நாள் இடது பக்கமே சாப்பிட்டேன். நான் பல் டாக்டரானதற்கு அதுதான் காரணம் என்று என் தம்பி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

உங்கள் மகனின் புத்தகம் பொய் சொல்லவில்லை. கடினம் வேறு, உடையாமல் தாங்குவது வேறு. கண்ணாடி வளையலை நகத்தால் கீற முடியுமா? முடியாது. கீழே போட்டால்? எனாமலும் அந்த ஜாதிதான். எடையில் நூற்றுக்கு 96 பங்கு வெறும் கனிமம். மிச்சம் தண்ணீரும் துளி புரதமும். அந்தக் கனிமத்தின் பெயர் ஹைட்ராக்ஸி அபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தி 1812இல் மோஸ் என்பவர் ஓர் அளவுகோல் போட்டார். பத்தாவது இடத்தில் வைரம், ஐந்தாவது இடத்தில் அபடைட். எனாமலும் அந்த ஐந்தை ஒட்டித்தான் நிற்கிறது. அரிசியில் கிடக்கிற மணல் கல் ஏழு. சோற்றில் கல் கடிபட்டால் உச்சந்தலை வரை ஏறுவது சும்மா இல்லை.

புளியங்கொட்டை உங்கள் எனாமலைவிடக் கடினம் இல்லை. ஆனால் கடவாய்ப்பல்லில் முழு மூச்சாகக் கடித்தால் 50, 60 கிலோ அழுத்தம் வரும். இட்லியைக் கடிக்கிறபோது அது பரவிப்போகும். வழுவழுவென்று உருண்டையாக இருக்கிற கொட்டை அத்தனை பாரத்தையும் ஊசிமுனை அளவு இடத்தில் இறக்கிவிடும்.

நான் ஆச்சரியப்படுவது வேறு விஷயத்துக்கு. பல் ஏன் இரண்டாகப் பிளக்காமல் ஓரம் மட்டும் தெறித்தது? இதற்குப் பதில் உங்கள் ஊரில் இருந்து பஸ் ஏறினால் கொஞ்ச தூரத்தில் பத்தமடையில் இருக்கிறது. கோரையை ஊறப்போட்டு, மயிரிழை மாதிரி கீறி, பாவு நூலுக்குள் குறுக்கே விட்டு நெய்வார்கள் அல்லவா? ஒற்றைக் கோரையை விரலால் இணுங்கிவிடலாம். நெய்த பாயைக் கிழித்துப் பாருங்கள். எனாமலும் இழை இழையாகத்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான அபடைட் படிகங்கள் சேர்ந்து ஒரு கம்பி. ஒரு கம்பியின் அகலம் ஏறக்குறைய 5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஐந்து பங்கு. உங்கள் தலைமுடி ஒன்றின் குறுக்கே பத்துப் பன்னிரண்டு கம்பிகளை அடுக்கிவிடலாம். எனாமலுக்கு அடியில் பல்லின் உடம்பாக இருக்கிற டென்டினில் இருந்து கிளம்பி வெளிப்பரப்பு வரைக்கும் அவை போகின்றன. மேற்பரப்புப் பக்கம் நேராக வருகிற கம்பிகள், உள்ளே ஆழத்தில் கட்டுக்கட்டாக இடமும் வலமும் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். மேலே கிளம்புகிற விரிசல் இரண்டு கம்பிக்கு நடுவே ஒரே ஓட்டமாக ஓடிவரும். இந்தப் பின்னலுக்குள் நுழைந்ததும் வழி தெரியாமல் திண்டாடி நின்றுவிடும். அதையும் தாண்டிப் போனால் டென்டின். அதில் கனிமம் எழுபது சதவீதம்தான். கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.

நம்பிக்கை இல்லாவிட்டால், இரவில் கண்ணாடி முன்னால் நின்று டார்ச்சை முன்பல்லுக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நாற்பது தாண்டியவர் என்றால் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் இரண்டோ மூன்றோ தெரியும். எல்லாம் விரிசல்தான். உள்ளே போகமாட்டாமல் நின்றவை. பயப்படவேண்டாம், எனக்கு அப்படி ஏழு இருக்கிறது.

தெறித்த ஓரம் நாக்கை அறுக்கும். கிட்ட இருக்கிற பல் டாக்டரிடம் காட்டி மழுக்கிக்கொள்ளுங்கள், குழி ஆழம் என்றால் அடைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்டர் ஒருவர், பாளையங்கோட்டை: இருபத்திரண்டு வருஷமாகப் பெயின்ட் அடிக்கிறேன். எனாமல் என்றால் எங்களுக்கு ஒரு டப்பா. மங்கிப்போனால் சுரண்டிவிட்டு இரண்டு கோட் அடிப்போம், புதுசாகிவிடும். பல்லுக்கு ஏன் அப்படிச் செய்ய முடியாது?

அண்ணாச்சி, இந்த மாதக் கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையதுதான். அரைப் பதிலை நீங்களே கையில் வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் வெளியே நின்று சுவருக்குப் பூசுகிறீர்கள். பல் எனாமல் உள்ளிருந்து வெளியே வளர்ந்தது. பழைய வீட்டில் சாணி போட்டுத் தரை மெழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். மூலையில் ஆரம்பித்து, மெழுகிக்கொண்டே பின்னால் நகர்ந்து, கடைசியில் வாசல்படிக்கு வெளியே வந்து நிற்பார்கள். ஈறுக்குள் பல் முளை உருவாகும்போது அமிலோபிளாஸ்ட் என்ற செல்கள் வரிசையாக நின்று இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு செல்லும் தன் முன்னால் எனாமலைச் சுரந்து வைத்துவிட்டு ஓர் எட்டுப் பின்னால் போகிறது. அது போன தடம்தான் மேலே சொன்ன கம்பி. ஒரு நாளைக்கு 4 மைக்ரான் அளவுதான் நகரும். மெல்லிய சீவலாக அறுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் நாளுக்கு ஒரு கோடு தெரியும். ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் அழுத்தமான கோடு. மரத்துக்கு வருஷ வளையம் மாதிரி பல்லுக்கு வார வளையம். கடவாய்ப்பல்லின் முகட்டில் இரண்டரை மில்லிமீட்டர் கனம் வர இப்படித்தான் நாள்கணக்காக மெழுகியிருக்கிறார்கள்.

முதலில் வைப்பது கெட்டியாக இருக்காது, புரதமும் தண்ணீரும் கலந்து பால்கோவா பதத்தில் இருக்கும். அப்புறம் அதே செல்கள் புரதத்தைக் கரைத்து வெளியே எடுத்துவிட்டுக் கனிமத்தை உள்ளே திணிக்கும். வேலை முடியும்போது அவை நிற்கிற இடம் வாசலுக்கு வெளியே, அதாவது பல்லின் மேற்பரப்பில். பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வாய்க்குள் வருகிறபோது அந்தத் தோலோடு அவையும் போய்விடும். மார்க்கெட் அண்ணாச்சிக்கும் பதில் இதுதான்: நகத்துக்கும் முடிக்கும் அடியில் உயிருள்ள செல் தோலுக்குள் இன்னும் இருந்து வேலை பார்க்கிறது. எனாமலுக்கு மெழுகினவள் போய்விட்டாள்.

இரண்டு கோட் அடிக்க முடியுமா என்றால், முடியும். அதை உங்கள் தொழிலில் இருந்துதான் நாங்கள் கற்றோம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரும்பில் பெயின்ட் பிடிக்கப் பாஸ்பாரிக் அமிலம் பயன்படுத்துகிறார்களே, அமெரிக்காவில் ராச்செஸ்டரில் பூனோகோர் என்ற பல் ஆராய்ச்சியாளர் அதைப் பார்த்து, பல்லுக்கும் ஏன் செய்யக்கூடாது என்று முயன்று 1955இல் எழுதினார். அவர் போட்டது 85 சதவீத அமிலம், அரை நிமிஷம். நாங்கள் இப்போது 37 சதவீத ஜெல்லைக் கால் நிமிஷம், அரை நிமிஷம் வைக்கிறோம். கழுவிக் காற்றடித்தால் பளபளப்பான எனாமல் வெள்ளையடித்த சுவர் மாதிரி மங்கிப்போகும். கம்பிகளின் தலைகள் அரைகுறையாகக் கரைந்து தேன்கூடு போல் குழி விழுந்திருக்கும். உங்கள் உப்புத்தாள் வேலைதான், கண்ணுக்குத் தெரியாத நம்பரில். அதில் பிசினை விட்டால் குழிக்குள் இறங்கும். நீல விளக்கைக் காட்டினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல்தான் பல் நிற ஃபில்லிங். நடுவில் ஒரு சொட்டு எச்சில் பட்டுவிட்டால் திரும்ப முதலில் இருந்து. ஈரச் சுவரில் அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அது எனாமல் இல்லை. கண்ணாடித் தூள் கலந்த பிளாஸ்டிக். உங்கள் டப்பாவில் இருப்பதற்குத்தான் அது நெருங்கின சொந்தம்.

வாசகர், கடையம்: எங்க அம்மை சாகிறவரை உமிக்கரியில்தான் பல் விளக்கினாள். ஒரு பல் சொத்தை கிடையாது. இப்போது பேரன் கரி கலந்த பேஸ்ட் என்று விலை கொடுத்து வாங்கி வருகிறான். உமிக்கரியைக் கேலி செய்த நீங்கள் எல்லாம் இப்போது என்ன சொல்கிறீர்கள்?

நான் கேலி செய்ததே இல்லையே! என் ஆச்சி கல்லிடைக்குறிச்சியில் கிணற்றடியில் சிரட்டையில் உமிக்கரி வைத்திருப்பாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கறுத்தே இருக்கும். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கையில், கற்றதைக் காட்டுகிற ஆர்வத்தில் முற்றத்து வெளிச்சத்தில் அவளை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். எல்லாப் பல்லும் இருந்தது. சொத்தை இல்லை. ஆனால் கோரைப்பல்லும் அதற்குப் பின்னால் உள்ளவையும் ஈறோரத்தில் அரம் வைத்து அறுத்த மாதிரி ஆப்பு வடிவத்தில் தேய்ந்திருந்தன. நிறம் நல்ல மஞ்சள். "பானைத் தண்ணி குடிச்சா மண்டைக்குள்ள சுர்ருங்கு, அதான் வெந்நி குடிக்கேன்" என்றாள். எத்தனை வருஷமாக என்று கேட்டதற்கு, "ஒங்க அம்மை கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து" என்றாள்.

நெல் மண்ணில் இருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கும். மணலும் சிலிக்காதான். உமியை எரித்தால் கரியோடு அதுவும் மிஞ்சும். எனாமலைத் தேய்க்க அது போதும். ஈறோரத்தில் எனாமல் தாள் கனத்துக்கு மெலிந்திருப்பதால் அங்கேதான் முதலில் போகும். அது போனால் டென்டினுக்குள் ஓடுகிற நுண்குழாய்கள் திறந்துகொள்ளும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் குழாய்க்குள் இருக்கிற நீர் அசையும். அந்த அசைவு உள்ளே நரம்பை இழுக்கும். பல் கூச்சம் என்பது அதுதான். எனாமலுக்கு நரம்பு கிடையாது, ரத்தம் கிடையாது. தேய்கிறபோது அது ஒரு வார்த்தை சொல்லாது.

இதில் ஒரு கூத்து உண்டு. எனாமல் பால் கலந்த கண்ணாடி மாதிரி ஒளியை உள்ளே விடும். பல்லின் மஞ்சள் உள்ளே இருக்கிற டென்டினின் மஞ்சள். ஆகவே வெள்ளையாக வேண்டும் என்று தேய்க்கத் தேய்க்க மஞ்சள்தான் கூடும். உங்கள் பேரனின் பேஸ்ட் மேல்கறையை எடுக்கும். அதற்கு மேல் ஆசைப்பட்டு அழுத்தினால் என் ஆச்சியின் கோரைப்பல்தான்.

உங்கள் அம்மைக்குச் சொத்தை இல்லாததற்கு உமிக்கரியைவிட, அந்தக் காலத்தில் மணிக்கொரு பிஸ்கட் இல்லாததுதான் காரணம் என்பது என் கட்சி. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று கடிதத்தின் அடியில் எழுதி, பக்கத்தில் வேப்பங்குச்சி படம் வரைந்திருக்கிறீர்கள். படம் அழகு. ஆனால் அந்த வேல் வேம்பு இல்லை, கருவேல்.

வாசகி, திசையன்விளை பக்கம்: எங்க வீட்டில் பனைத் தொழில். சீனிதான் பல்லைக் கெடுக்கும், கருப்பட்டி கெடுக்காது என்று எங்க வீட்டுக்காரர் சொல்கிறார். சின்னவளுக்கு ஏழு வயசு. கருப்பட்டித் துண்டு எந்நேரமும் கொடுப்பில் இருக்கும். முன்பல்லில் ஈறை ஒட்டி வெள்ளையாகச் சுண்ணாம்பு தொட்ட மாதிரி இருக்கிறது. இது சொத்தையா?

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்துவிட்டால் காலையில் மரத்தில் இருந்து இறங்குவது என்ன? கள். அதே பாளை, அதே சாறு. இனிப்பு கிடைத்ததும் காற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் வந்து புளிக்க வைத்துவிட்டன. சுண்ணாம்பு இருந்தால் அதற்கு இடம் கொடுக்காது, பதனியாக இறங்கும்.

வாயும் ஒரு கலயம்தான். பல்லின் மேல் படிகிற பிசுபிசுப்பில் குடியிருக்கிற கிருமிகள் இனிப்பைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. இந்த வேலையில் பேர்போன ஒன்றை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டு 1924இல் கிளார்க் என்பவர் அடையாளம் காட்டினார். அதற்குச் சீனி, கருப்பட்டி என்று பேதம் கிடையாது. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். இரும்பு, கனிமம் எல்லாம் கூடுதலாக இருக்கலாம். கிருமி அதைப் பார்த்துத் தயவு காட்டாது. இனிப்பு வாயில் போன சில நிமிஷத்திலேயே பல்லின் மேல் அமிலம் ஏறும். அமிலத்தைப் பி.எச். என்ற கணக்கில் அளப்பார்கள். 7 என்றால் நடுநிலை, எண் இறங்க இறங்க அமிலம் கூடும். ஐந்தரைக்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். உடம்பின் ஆகக் கடினமான பொருளுக்கு எதிரி சுத்தியல் இல்லை, இத்தனை சின்னப் புளிப்பு.

பின்னே நம் வாய்க்குச் சுண்ணாம்பு எது? எச்சில். அது அமிலத்தை முறித்து, அரை மணியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். முறிப்பதோடு நிற்காது, அதில் கரைந்திருக்கிற கால்சியமும் பாஸ்பேட்டும், கரைந்துபோன இடத்தில் திரும்பப் படியும். மெழுகினவள் போன வீட்டுக்கு இப்போது காவல் எச்சில்தான். புதுச் சுவர் எழுப்ப அதற்குத் தெரியாது. ஓட்டை விழுமுன் காரை பெயர்ந்த இடத்தைப் பூசும், அவ்வளவுதான். ஃபுளோரைடு பேஸ்ட்டும் இருந்தால் அப்படிப் படிவது முன்னைவிடக் கெட்டியாக, அமிலத்துக்கு அத்தனை எளிதில் மசியாததாக இருக்கும்.

இப்போது கணக்குப் பாருங்கள். காலையில் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி என்றால் எச்சிலுக்கு ஒரு தடவை வேலை. கொடுப்பில் எந்நேரமும் துண்டு இருந்தால் அது எப்போது எழுந்து நிற்கும்? கருப்பட்டியை நிறுத்தச் சொன்னால் உங்கள் ஊரில் என்னை உள்ளே விடமாட்டீர்கள். துண்டை ஒதுக்குவதை மட்டும் நிறுத்துங்கள். சோற்றுக்குப் பிறகு ஒரு கடி, தண்ணீர், முடிந்தது. படுக்கப் போகுமுன் கட்டாயம் பல் தேய்க்கவேண்டும். தூக்கத்தில் எச்சில் அநேகமாக ஊறுவதே இல்லை.

அந்த வெள்ளைப் புள்ளி பற்றி. நீங்கள் சொல்கிற இடத்தையும் பழக்கத்தையும் பார்த்தால் சொத்தையின் முதல் படியாக இருக்கலாம். மேல்தோல் இன்னும் உடையவில்லை, அடியில் கனிமம் குறைந்து நுரைத்திருக்கிறது. அதனால்தான் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. இந்த நிலையில் அது திரும்பும். நான் புதிதாகக் கிளினிக் வைத்த வருஷம், இப்படி ஒரு வெள்ளைப் புள்ளியோடு வந்த பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்குச் சுறுசுறுப்பாகக் குடைந்து அடைத்துவிட்டேன். அன்று அது மெச்சத்தகுந்த வேலை என்று நினைத்தேன். அவளுக்கு இப்போது நாற்பது வயசு தாண்டிவிட்டது. அந்த ஃபில்லிங்கை இதுவரை மூன்று தடவை மாற்றியாயிற்று; ஒவ்வொரு தடவையும் குழி கொஞ்சம் பெரிசாகிறது. அன்றைக்கு நான் கையைக் கட்டிக்கொண்டு ஃபுளோரைடு தடவியிருந்தால் போதும். உங்கள் பக்கத்து டாக்டர் "குடைய வேண்டாம், தடவிப் பார்க்கலாம்" என்று சொன்னால், வேலை தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

வாசகர், தென்காசி: தினமும் எலுமிச்சை சோடா குடிப்பேன். குடித்ததும் பல் தேய்ப்பது நல்லதுதானே?

கெடுதல். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். இரண்டு, மூன்றுக்குள் இருக்கும். அது பட்டதும் எனாமலின் மேற்பரப்பு இளகியிருக்கும். அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் இளகினதை வழித்து எடுக்கிறீர்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். மோரும் புளிப்புத்தானே என்று அடுத்து எழுதுவீர்கள். தயிரிலும் மோரிலும் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் அவை பல்லில் இருந்து பிடுங்குவதில்லை. குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டு எதற்கய்யா தினமும் சோடா?

வாசகர், வானம் பார்த்த பூமியில் இருந்து (ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்): எங்கள் ஊரில் போர் தண்ணீர்தான். என் பையனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் முன்பல்லில் பழுப்புத் திட்டு. ஆற்றுத் தண்ணீர் குடிக்கிற என் அக்கா பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. பொண்ணு பார்க்கப் போகிற இடத்தில் 'பான்பராக் போடுவானா?' என்று கேட்டுவிட்டார்கள்.

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

உங்கள் பையன் எதையும் போடவில்லை. அது வெளியே இருந்து ஒட்டின கறை இல்லை. பல் ஈறுக்குள் இருந்தபோதே விழுந்த கறை. தண்ணீரில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருந்து, அதை எட்டு வயசுக்குள் குடித்து வளர்ந்தால், எனாமலில் இருந்து புரதம் சரியாக வெளியேறாமல் கனிமம் முழுக்க நிரம்பாமல் நின்றுபோகும். பால்கோவா பதம் என்றேனே, அது முழுக்க இறுகாமல் அங்கங்கே நுண்துளையோடு நின்றுவிடுகிறது. முளைக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். அப்புறம் துளைகளில் வாயின் நிறங்கள் ஏறிப் பழுப்பாகும். எட்டு வயசுக்கு மேல் அந்த ஊருக்குக் குடிபோனவருக்கு முன்பல்லில் வராது. வெளியூரில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்களின் பல்லைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

இதை முதலில் துருவினவர் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் மெக்கே. 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் கிளினிக் வைத்தவர், அங்கே பிறந்து வளர்ந்தவர் பலருக்கும் பல் பழுப்பாக இருப்பதைப் பார்த்தார். தண்ணீரில்தான் ஏதோ என்று அவர் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். 1931இல்தான் அது ஃபுளோரைடு என்று சர்ச்சில் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தார். அரசியல் சர்ச்சில் இல்லை. அப்படிப் பல் பழுத்தவர்களுக்குச் சொத்தை குறைவு என்பதையும் மெக்கே கவனித்திருந்தார். பேஸ்ட்டில் ஃபுளோரைடு வந்த கதையின் வேர் அங்கே இருக்கிறது. ஒரே சரக்குத்தான், பல் வளரும்போது கூடுதலாக வயிற்றுக்குள் போனால் கறை, முளைத்த பல்லின் மேல் கொஞ்சமாகப் பட்டால் காவல்.

இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. உங்கள் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கொதிக்கவைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் ஆவியாகிப்போகும், ஃபுளோரைடு நிற்கும், அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி எடுத்துவிடும். ஊரில் எட்டு வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்காவது குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் கொடுங்கள். பேஸ்ட்டை மூன்று வயசு வரை அரிசி அளவு, ஆறு வயசு வரை பட்டாணி அளவு வையுங்கள். விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்க வேண்டாம். விழுங்காமல் துப்பவும் பழக்குங்கள்.

பையனின் பல்லுக்கு வழி உண்டு. மேல்பழுப்பை லேசாக எடுத்துவிடலாம். ஆழமாக இருந்தால் பெயின்டர் அண்ணாச்சிக்குச் சொன்ன முறையில் மெல்லிசாகப் பூசி மறைக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு மூன்று தடவை வந்தால் போதும். இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பெண் வீட்டாருக்கு அனுப்பினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கல்லூரி மாணவி, ஸ்ரீவைகுண்டம்: ஆதிச்சநல்லூருக்குப் போயிருந்தோம். முதுமக்கள் தாழிகளில் எலும்பெல்லாம் நொறுங்கியிருக்க, பல் மட்டும் எப்படி இத்தனை காலம் தாங்குகிறது?

எலும்பில் மூன்றில் ஒரு பங்கு போல புரதமும் தண்ணீரும். மண்ணில் உள்ள கிருமிகள் புரதத்தைத் தின்றதும் மிச்சம் ஓட்டையாகித் தண்ணீர் புகுந்து உதிரும். எனாமலில் கிருமிக்குத் தின்ன அநேகமாக எதுவுமே இல்லை. உயிர் இல்லாததால் சாகவும் இல்லை. பெர்லினில் இருந்து ஜாகர் வந்து 1876இல் அங்கே தோண்டினார், பிறகு அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். இரும்பும் பொன் பட்டமும் எல்லாருக்கும் நினைவிருக்கும். எனக்கு என்னவோ அங்கே போனால் கண் தேடுவது தாடை எலும்பைத்தான். தொழில் புத்தி. தேய்மானத்தைப் பார்த்து ஏறக்குறைய என்ன வயசு, மாவில் கல் அரைபட்டதா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்பேன். கூட வந்தவர்கள் ஜிகர்தண்டா குடிக்கப் போயிருப்பார்கள்.

இரண்டாம் வகுப்பு மாணவன், சேரன்மகாதேவி (அம்மா எழுதிக் கொடுத்தது): என் பால் பல் வெள்ளையா இருந்துச்சு. புதுசா வந்த பல் மஞ்சளா, ரம்பம் மாதிரி இருக்கு. நான் ஒழுங்காத்தான் பல் தேய்க்கேன். அம்மா ஏசுதா.

அம்மா ஏசக் கூடாது. இதையும் அம்மாவே படித்துக் காட்டட்டும். பால் பல்லின் எனாமல் மெல்லிசு, ஆனால் பால் மாதிரி மங்கலான வெள்ளை. புதுப் பல்லின் எனாமல் கனம் ஜாஸ்தி, கண்ணாடி மாதிரி ஒளியை விடும். அதனால் உள்ளே இருக்கிற டென்டினின் மஞ்சள் தெரிகிறது. பக்கத்தில் பால் பல் நிற்பதால் இன்னும் மஞ்சளாகத் தோன்றுகிறது. எல்லாப் பல்லும் மாறின பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். ரம்பம் மாதிரி மூன்று மேடு எல்லாருக்கும் உண்டு. கடித்துக் கடித்து மழுங்கிவிடும்.

விழுந்த பல்லைச் சாணியில் வைத்துக் கூரையில் எறிந்தாயா? அந்தப் பல்லுக்குள் ஒரு கோடு இருந்தது. நீ அம்மா வயிற்றுக்குள் இருந்தபோதே அந்தப் பல் வளர ஆரம்பித்துவிட்டது. நீ பிறந்த அன்று அந்தச் செல்கள் திடுக்கிட்டு ஒரு கணம் தடுமாறின. அந்தத் தடுமாற்றம் கோடாக விழுந்தது. கோட்டுக்கு உள்ளே இருப்பது பிறப்பதற்கு முன் செய்த எனாமல், வெளியே இருப்பது பிறந்த பிறகு செய்தது. கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோஸ்கோப் வேண்டும். அடுத்த பல் ஆடுகிறது என்று அம்மா எழுதியிருக்கிறார்கள். அது விழுந்தால் எறிவதற்கு முன் கவிழ்த்துப் பார். வேர் இருக்காது, கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். வேர் எங்கே போனது என்று கண்டுபிடித்து எனக்கு எழுது, அடுத்த இதழில் போடுகிறேன்.